முகம் மூடிய தகப்பன்

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. பின்வளவில் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன். முன் தெருவில் ஒரு வான் பின்பக்கமாக வரும் கீ கீ சத்தம் கேட்டது. உடனே கைபேசியை எடுத்துப் பார்த்தேன். வானுக்கும் கைபேசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எந்தச் சத்தம் கேட்டாலும் மகன் அழைத்திருக்கிறானா என்று பார்ப்பது என் பழக்கம். அழைக்கவில்லை. நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பவும் செடிகளிடம் போனேன்.

வான் எங்களிடம் வரவில்லை. அடுத்த வீட்டு இத்தாலிக்காரரிடம் வந்திருந்தது. இரண்டு பேர் உள்ளே போய், ஆளுயரத்துக்கு மேற்பட்ட ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, வானின் கதவைத் திறப்பதற்காக அதைக் கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான முன்மதிலில் சாய்த்து வைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. இதைக் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

அந்த மனிதரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் தெருவுக்கு அவர் இத்தாலிக்காரர், அவ்வளவே. ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். அவர் இருமினால் எங்கள் வரவேற்பறையில் கேட்கும். நாங்கள் சண்டை பிடித்தால் அவருக்குக் கேட்கும், ஆனால் விளங்காது. எழுபதை நெருங்கிய, உயரமான, வற்றிய உடம்பு. எந்த நேரமும் இடுப்பில் ஒரு கன்வஸ் ஏப்ரன், அதன் பையில் பென்சில்கள், விரலிடுக்கெல்லாம் கரி. அவருடைய ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம், என்னுடையது அலுவலக ஆங்கிலம். நாங்கள் பேசியதை எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன்.

அவர் வருவதற்கு முன்பே அவருடைய வேலையை நாங்கள் பார்த்திருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது. கிழக்கு லண்டனில் எங்கள் ஆட்களின் கலியாணம் நடக்கிற மண்டபம் ஒன்றில் மணவறைக்கு இரண்டு பக்கமும் பளிங்குத் தூண்கள் நிற்கும். தூண்களுக்கு நடுவில் பழைய ரோமாபுரிப் பெண்கள் குடம் ஏந்திக்கொண்டு நிற்பார்கள். தூணும் இல்லை, பெண்ணும் இல்லை. எல்லாம் வெறும் சுவரில் தீட்டியது. ஒருமுறை என் மச்சான் ஒருவன், இரைச்சலில் போன் பேச முடியாமல், தூணுக்குப் பின்னால் போகப் பார்த்து மூக்கை உடைத்துக்கொண்டான். இதை நான் இத்தாலிக்காரருக்குச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மிகுந்த திருப்தியோடு தலையாட்டினார்.

"எந்தத் தூண்?"

"வலது பக்கம்."

"அதன் நிழல் நன்றாக வந்தது" என்றார்.

மண்டபங்களும் ஓட்டல் கூரைகளும் அவருக்குச் சாப்பாட்டுக்கான வேலை. உண்மையான வேலை வீட்டு முன்னறையில் நடந்தது. இருநூறு வருடங்களுக்கு முன்பு செத்துப்போன ஓவியர்கள் எப்படி வரைந்தார்களோ அப்படித்தான் அவர் வரைந்தார். பழைய கதைகளின் வீரர்கள், அரசர்கள், விடைபெறும் மனைவிமார். யாரும் சிரிப்பதில்லை, யாரும் கத்துவதில்லை. கல்லில் செதுக்கியதுபோல எல்லாம் சாம்பல் நிறம். நிறம் பூசலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

"நிறம் உதட்டுப்பூச்சு. கோடு சரியாக இல்லாத முகத்துக்கு அது தேவை" என்றார்.

பத்தொன்பது வயதில் ஒரு கலைக்கூடத்தில் சேர்ந்து, ஒரு முழு வருடமும் ஒரே ஒரு சுண்ணாம்புப் பாதத்தை வரைந்தவராம். இரண்டாம் வருடம் மற்றப் பாதமா என்று கேட்டேன். இல்லை, அதே பாதம், மற்றப் பக்கத்திலிருந்து என்றார். கூடப் படித்தவர்கள் எல்லோரும் காலத்துக்கு ஏற்ற மாதிரி மாறிப் பெயர் எடுத்துவிட்டார்கள். இவர் மட்டும் லண்டனுக்கு வந்து கூரைகளில் மேகம் தீட்டினார். அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. எனக்குத்தான் எரிச்சல் வரும். ஒரு மனிதர் இவ்வளவு பிடிவாதமாக இருந்தால் அவருக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

அவருடைய பிடிவாதம் முழுவதும் ஒரு சொல்லில் அடங்கும். ஃபெர்மோ. அசையாதே.

தபால்காரர் கடிதத்தோடு கையை நீட்டுவார். "ஃபெர்மோ!" தபால்காரர் அப்படியே நிற்க வேண்டும், இவர் பென்சிலை எடுப்பார். பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருகிற பிள்ளைகள் அவர் வீட்டைக் கண்டதும் தாங்களாகவே கத்திக்கொண்டு சிலையாக நிற்பார்கள். என் மனைவி சுகந்தி கொடியில் படுக்கை விரிப்பை விரித்துப் போட இரண்டு கையையும் மேலே தூக்கினாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "சினோரா, ஃபெர்மா!" பெண்ணென்றால் கடைசி எழுத்து மாறும். அவளும் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறாள். நான் சமையலறை ஜன்னலால் பார்த்து, கையில் தசைப்பிடிப்பாக்கும் என்று ஓடிப்போனேன்.

"சும்மா நில்லுங்கோப்பா, மனுசன் கீறுது" என்றாள், கையை இறக்காமல். இருபத்திரண்டு வருடத்தில் நான் சொல்லி அவள் ஒரு நிமிடம் நின்றதில்லை.

அவருடைய முன்னறையில் மூட்டு மூட்டாக மடங்கும் ஒரு மர மனிதன் இருந்தான். அவனுக்கு ஈரத்துணியைச் சுற்றி, அதன் மடிப்புகளை வரைவார். துணி காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் எமனே வந்து தட்டினாலும் கதவு திறக்காது. வாசல் மணியின் வயரை வந்த முதல் வாரமே பிடுங்கிவிட்டார். ஒருநாள் நல்ல மழை. ஒரு வயதான பெண் சூட்கேசோடு அவர் வீட்டு வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருந்தார். சுகந்தி பொறுக்க முடியாமல் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, துவாயும் கொடுத்தாள். அவருடைய சொந்தத் தங்கை. இத்தாலியிலிருந்து வந்திருக்கிறார், வருவதாகச் சொல்லியும் இருக்கிறார். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு கதவு திறந்தது. தட்டினது கேட்கவில்லையா என்று நான் கேட்டேன்.

"கேட்டது" என்றார். "துணி காய்ந்தால் மடிப்பு போய்விடும். தங்கை எங்கே போகப் போகிறாள்?"

தங்கை என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். பழகிப்போன முகம். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

என்னையும் ஒருமுறை வரைந்தார். பழைய கதை ஒன்றில் ஒரு முதிய தகப்பன் தேவைப்பட்டானாம். என்ன கதை என்று நான் கேட்கவில்லை. என் முகத்தை ஒருவர் வரையக் கேட்கிறாரே என்ற சந்தோஷம். அவருடைய வீட்டு நடையில் ஒரு கதிரையில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். படத்துக்கு உட்காருகிறவர்கள் கைபேசியை அணைத்து அதற்குள் போட்டு மூடியை மூடிவிட வேண்டும். போட்டேன். போட்ட நிமிடத்திலிருந்து அது உள்ளே கிடந்து என்னைக் கூப்பிடுவது போலிருந்தது. மகன் அப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். ஜன்னலைப் பார்த்தேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். கதவைப் பார்த்தேன். இத்தாலிக்காரர் கரியைக் கீழே வைத்தார்.

"நான் அசையவில்லையே" என்றேன்.

"உடம்பு அசையவில்லை. முகம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிறவனின் முகம். இதைப் பிடிக்க முடியாது." பிறகு என் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். இளம் வயதில் சைக்கிளால் விழுந்து முறிந்து, வளைந்தபடியே பொருந்திவிட்ட சின்னவிரல். "கை போதும்" என்றார். கையை வரைந்துவிட்டு அனுப்பிவிட்டார்.

முகம் ஓடுகிறது என்றால், அது எங்கே ஓடப் பழகியது என்று அவருக்கு என்ன தெரியும்? நான் இருபத்தைந்து வயதில் ஊரைவிட்டு வந்தவன். பிள்ளை வெளியே போய் வரச் சுணங்கினால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கப் பழகிய ஊரிலிருந்து வந்தவன். செவன் கிங்ஸில் பஸ் சுணங்குவது வேறு காரணத்துக்கு என்று என் புத்திக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியாது.

என் மகன் செந்தூரன் எனக்கு எதிர்மாறு. குழந்தையிலேயே அசையாமல் கிடப்பான். மூச்சு இருக்கிறதா என்று நான் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். இருபது வயதிலும் அப்படித்தான். பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டு, வெள்ளிக்கிழமைகளில் சூப்பர்மார்க்கெட்டில் இரவு ஷிப்ட் செய்தான். கிடைத்த இடத்தில் தூங்குவான். இத்தாலிக்காரர் அவனை வேலிக்கு மேலால் ஒருநாள் பார்த்தார், புல்லில் படுத்துக் கிடந்தான். அவர் ஃபெர்மோ என்று சொல்லக்கூட இல்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. அடுத்த கிழமையிலிருந்து அவன் அங்கே போய்வரத் தொடங்கினான்.

"என்ன செய்யிறாய் அங்க?" என்று கேட்டேன்.

"படுக்கிறன் அப்பா. அவர் ட்ரோ பண்ணுறார். இட்ஸ் நைஸ். ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை."

எனக்கு அது எனக்குச் சொன்ன பதில் மாதிரியே பட்டது. விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிறு காலை அவர் என்னையும் சுகந்தியையும் கூப்பிட்டு, சுவர் அளவு காகிதத்தில் கரியால் வரைந்ததைக் காட்டினார். போர்க்களத்திலிருந்து தூக்கி வந்த இளைஞனைப் பெற்றோர் முன்னால் ஒரு நீண்ட கட்டிலில் கிடத்தியிருக்கிறார்கள். கண் மூடியிருக்கிறது. ஒரு கை கட்டிலால் வழிந்து தொங்குகிறது. அது என் மகன். அவனுடைய மூக்கு, அவனுடைய தொண்டைக்குழி, இடது புருவத்தில் ஊஞ்சல் பட்ட தழும்பு. அவனுக்கு மேலே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற தாய், துணி காயப்போட்ட சுகந்தி. ஓரத்தில் ஒரு மனிதன் மேலங்கியின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறான். துணியைப் பிடித்திருக்கிற கையின் சின்னவிரல் வளைந்திருந்தது.



"என்னை வடிவா கீறியிருக்கிறார், என்ன?" என்றாள் சுகந்தி.

நான் அவரிடம் சொன்னேன், முகத்தை மாற்றுங்கள். வேறு பையனின் முகத்தைப் போடுங்கள்.

"கோடு முடிந்தது" என்றார்.

"இது என் பிள்ளை. உயிரோடு இருக்கிறான்."

"ஆம். உயிரோடு இருக்கிறபடியால்தான் வரைய முடிந்தது."

"செத்தவனாக வரைந்திருக்கிறீர்கள்."

"அசையாதவனாக" என்றார், பொறுமையாக, எனக்கு ஆங்கிலம் போதாது என்பதுபோல.

நான் அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். அந்த முன்னறையில், சுண்ணாம்புத் தலைகளுக்கு நடுவில் நின்று, யாருக்கும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மதில்கள் எல்லாம் இப்படிப் படங்கள். போரில் செத்த, இவனுடைய வயதுப் பிள்ளைகள். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியிருக்கும். மழையில் மேலே இருப்பது கிழிந்தால் கீழே இருக்கிற முகம் தெரியும். என்னோடு படித்தவனின் முகத்தை நான் அப்படித்தான் கண்டேன். அந்த மதில்களில் என் பிள்ளையின் படம் வரக்கூடாது என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அவர் கவனமாகக் கேட்டார். முழுவதையும் கேட்டார். பிறகு தலையைச் சாய்த்து, "அந்தப் படங்களை யார் வரைந்தது? கோடு நன்றாக இருந்ததா?" என்றார்.

நான் வெளியே வந்துவிட்டேன். அதற்கு மேல் நின்றிருந்தால் சுண்ணாம்புத் தலை ஒன்றாவது உடைந்திருக்கும். அவர் படிக்கட்டு வரை பின்னால் வந்து, தகப்பனின் முகத்தை ஏன் மூடினேன் என்று நீ கேட்கவில்லையே என்றார். என்னுடைய முகம் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதாலா என்று கேட்டேன். அதுவும்தான் என்றார். ஆனால் பிள்ளையை இழந்த தகப்பனின் முகத்தை யாராலும் வரைய முடியாது, முயற்சி செய்கிறவன் முட்டாள், துணியைப் போடு, பார்க்கிறவன் துணிக்குப் பின்னால் போய்த் தானே பார்த்துக்கொள்வான் என்றார். இதைச் சொல்லும்போது அவருடைய கண் என் சின்னவிரலில் இருந்தது.

மகனிடம் இனி அங்கே போய்ப் படுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். "ஓகே அப்பா" என்றான். அவன் எதற்கும் அப்படித்தான் சொல்லுவான்.

அந்தக் கோடுகள் கன்வசுக்குப் போய், சாம்பல் நிறத்தில் படமாகி, பழைய மாளிகை ஒன்றை வாங்கிய யாரோ பணக்காரரின் மாடிப்படிச் சுவருக்காக அந்தச் சனிக்கிழமை வானில் ஏறின.

அந்தப் படம் மதிலில் சாய்ந்திருந்தபோது மரக்கறிக்கடை அண்ணை தெருமுனையில் தன்னுடைய வானுக்குள் இருந்திருக்கிறார். எங்கள் ஆட்களின் செத்த வீடுகளில் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க இறந்தவரின் படத்தைப் பெரிதாக அடித்து, சட்டம் போட்டு, மண்டபத்துக்குக் கொண்டுபோவார்கள். கறுப்புச் சட்டை போட்ட இரண்டு பேர், எங்கள் மதிலில் இருந்து, சட்டம் போட்ட ஆளுயரப் படம். கறுப்பு வெள்ளையில் கண்மூடிய செந்தூரன். அண்ணை வேறு என்ன நினைப்பார்? கைபேசியால் ஒரு படம் எடுத்தார். கடையின் வாட்ஸ்அப் குழுமத்தில் போட்டார். ஒரு சொல்லும் எழுதவில்லை. கும்பிடுகிற கை ஒன்று மட்டும்.

முதல் அழைப்பு விம்பிள்டனிலிருந்து, சித்தப்பாவின் மகன்.

"அண்ணை..." என்றான். "நாங்கள் வெளிக்கிட்டிட்டம். அண்ணியைத் தனிய விடாதேங்கோ."

"என்னடா, என்ன விசயம்?"

"நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம் அண்ணை" என்று வைத்துவிட்டான்.

தண்ணீர்க் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடுவதற்குள் சவுத்தாலில் இருந்து ஒருவர், வருடத்துக்கு ஒருமுறை கதைக்கிறவர். "எப்ப எடுக்கிறியள்?" என்றார்.

"எதை?"

எங்கள் பேச்சில் எப்போது எடுக்கிறீர்கள் என்றால் ஒன்றைத்தான் எடுப்பார்கள்.

சுகந்தியின் கைபேசிக்கு அந்தப் படமே வந்து சேர்ந்தது. அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஐயோ, இது அந்தாள்ட படமெல்லோ! விசர்ச் சனங்கள். செந்தூரனுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ, சிரிப்பான்."

எடுத்தேன். அவனுடைய கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. திரும்ப எடுத்தேன். மத்தியானம் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவன், இரவு ஷிப்ட் முடித்து ஒழுங்காகத் தூங்காதவன். நூலகத்தில் இருந்த அவனுடைய கூட்டாளி ஒருவனுக்கு எடுத்தேன். இண்டைக்கு அவன் வரேல்லை அங்கிள் என்றான். சூப்பர்மார்க்கெட்டிலும் இல்லை. சுகந்தியின் சிரிப்பு நின்றது. அவள் என்னுடைய கையிலிருந்து கைபேசியை வாங்கித் தானே எடுத்தாள், அவள் எடுத்தால் மணி அடிக்கும் என்பதுபோல.

பொலிசுக்கும் எடுத்தேன். இருபது வயதுப் பையன் ஒரு பின்னேரம் போன் எடுக்கவில்லை என்று சொன்னபோது, மறுமுனையில் பேசிய பெண் குரலில் ஒரு அன்பை வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னாள்.

இத்தாலிக்காரரின் கதவைப் போய்த் தட்டினேன். இந்த வினை எல்லாம் அவருடைய கோட்டால் வந்தது, அவரே வந்து இது நான் வரைந்த படம் என்று சனங்களுக்குச் சொல்லட்டும் என்ற கோபம். கதவு திறக்கவில்லை. இரண்டு கையாலும் குத்தினேன். உள்ளே இருமல் கேட்டது. இருக்கிறார்! தபால் போடும் துவாரத்தைத் தூக்கி, என் மகனைக் காணவில்லை, கதவைத் திற என்று கத்தினேன். தமிழிலும் கத்தியிருக்கிறேன் என்று பிறகு தெருக்காரர் சொன்னார்கள். துவாரத்தால் தெரிந்ததெல்லாம் நடையும், கதிரையும், அதில் மூடி மூடிய பிஸ்கட் டின்னும். இன்னொரு இருமல். அவ்வளவுதான். எங்கேயோ ஒரு துணி காய்ந்துகொண்டிருக்கிறது, அவருக்கு.

திரும்பி வந்தபோது வாசலில் ஏழெட்டுச் சோடிச் செருப்புகள். உள்ளே சுகந்தியின் அக்கா வந்துவிட்டார். வந்தவுடன் அவர் செய்த முதல் வேலை, மத்தியானக் குழம்பு சூடாகிக்கொண்டிருந்த அடுப்பை அணைத்தது. செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. பிறகு சாமித்தட்டின் கதவைச் சாத்தினார். அந்தச் சின்னக் கதவு சாத்துகிற சத்தத்தில்தான் நான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

"அக்கா, செந்தூரனுக்கு ஒண்டுமில்லை. அது கீறின படம்" என்றேன்.

அவர் என்னுடைய தலையைத் தடவினார். யாரிடமோ திரும்பி, "பாவம், மனுசனுக்கு இன்னும் பிடிபடேல்லை" என்றார்.

வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்களுடைய கண்ணில் இரக்கம் கூடியது. ஒருவர் எனக்குச் சீனி போட்ட தண்ணீர் கொண்டுவந்தார். மரக்கறிக்கடை அண்ணை கைகட்டிக்கொண்டு மூலையில் நின்றார். அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் அண்ணை வந்து ஒரு சொல்லு கேக்கேல்லை? மூண்டு வீடு தள்ளித்தானே நிண்டனீங்கள்?"

"செத்த வீட்டுக்காரரிட்டைப் போய்ச் செத்ததோ எண்டு கேக்கிறதோ தம்பி?" என்றார். "பக்கத்தில நீங்களும் முகத்தை மூடிக்கொண்டு நிக்கிறியள். கிழமைக்குக் கிழமை கத்தரிக்காய் பொறுக்கிற கை, எனக்கு அந்த விரல் தெரியாதே?"

"அது அடுத்த வீட்டுக்காரர் கீறினது."

"உயிரோட இருக்கிற பெடியனை ஆர் அப்படிக் கீறுவினம்?" என்றார்.

இதைத்தான் நானும் இத்தாலிக்காரரிடம் சொல்லியிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அறை நிறைந்துவிட்டது. பெண்கள் நிலத்தில் இருந்தார்கள். யாரோ புட்டும் சொதியும் கொண்டுவந்திருந்தார்கள். சுகந்தி சுவரோடு சாய்ந்து, அழாமல், கைபேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாள். அது பொதுச்சுவர். அதன் மற்றப் பக்கத்தில் இடைக்கிடை அந்த இருமல். எனக்கு ஒரு எண்ணம் வந்து ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. இவ்வளவு பேருக்குத் தெரிந்தது எனக்கு மட்டும் ஏன் தெரியாமல் இருக்க வேண்டும்? எங்கேயோ ஒரு தண்டவாளத்தில், ஒரு ரோட்டில், ஏதோ நடந்திருக்கும். படம் அதற்கு முந்திக்கொண்டு வந்துவிட்டது. ஊரிலும் சில நேரம் வீட்டாருக்கு முன்னால் மதிலுக்குத்தான் செய்தி தெரிந்திருந்தது. படிப்பு, அலுவலகம், முப்பது வருட லண்டன், ஒன்றும் கைகொடுக்கவில்லை. யாரோ வந்து தோளில் கைவைத்து அழுதார்கள். நானும் அழுதேன். அதுதான் உண்மை. நானும் நம்பிவிட்டேன்.

கோடைகாலம், ஏழு மணிக்கும் வெயில் இருந்தது. செத்த வீட்டுக் கதவை யாரும் சாத்துவதில்லை, எங்கள் முன்கதவும் விரியத் திறந்து கிடந்தது. அந்த வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு யாரோ வந்து நின்றார்கள்.

செந்தூரன். வெறுங்கால். ஒரு பக்கத் தலைமயிர் சப்பையாக ஒட்டிக்கிடந்தது. கன்னத்தில் துணி மடிப்பின் தடம் நீளத்துக்குச் சிவந்திருந்தது. கையில் அந்தப் பிஸ்கட் டின். அடுத்த வீட்டில், எங்கள் சுவருக்கு மற்றப் பக்கத்தில், இவ்வளவு நேரமும் தூங்கியிருக்கிறான். அவனை எழுப்பக்கூடாது என்று ஒரு மனிதர் கதவைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

அவன் அறையைப் பார்த்தான். பெரியம்மாவைப் பார்த்தான். பிறகு என்னை.

"என்னப்பா, வாசல் முழுக்கச் சப்பாத்து? ஆர் செத்தது?"

சுகந்தியின் இரண்டு கையும் தானாக மேலே போயின, கொடியில் துணி போடுகிறவளைப் போல. என் தோளில், அழுதபோது யாரோ தந்த சமையலறைத் துவாய் கிடந்தது. நான் யோசித்துச் செய்யவில்லை. அதை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். துணிக்குள் வெங்காய மணம், இருட்டு, என்னுடைய மூச்சு. வெளியே என் பிள்ளை உயிரோடு நிற்கிறான், என்னால் துணியை இறக்க முடியவில்லை.

அவனுக்குப் பின்னால் இன்னொரு காலடி. வாசலில் நின்றது. இருமல். ஏப்ரன் பைக்குள் பென்சில்கள் ஒன்றோடொன்று உரசின. நான் அவரைப் பார்க்கவில்லை, குரலை மட்டும் கேட்டேன். அதட்டல் இல்லை. கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரல்.

"ஃபெர்மோ" என்றார்.